கவிழ்த்தால் போதாது: திருக்கோவில் கரையில் நுளம்பும் நாம் தேக்கிய நீரும்

மார்கழி மழை விட்ட ஒரு காலையில் அம்பாறைக் கரையிலுள்ள திருக்கோவிலில் தென்னை நிற்கும் வளவு ஒன்றுக்குள் போய்ப் பாருங்கள். இரவு முழுக்கக் கொட்டியிருக்கும்; காலையில் நிலத்தில் ஈரம் மட்டுமே இருக்கும். கடற்கரை மணல் வந்த தண்ணீரை வந்த வேகத்திலேயே குடித்துவிடும். “எங்கட வளவுக்க தண்ணி நிக்கிறல்லயே” என்று வீட்டுக்காரர் சொன்னால் அதில் பொய் இல்லை.

ஆனால் தென்னை அடியில் அணில் கோதிப் போட்ட குரும்பை ஒன்று கிடக்கும். அதன் ஓட்டைக்குள் ஒரு தேநீர்க் கோப்பை அளவு மழைநீர் இருக்கும். அதை ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். முதலில் தூசி போலத் தெரிவது சற்று நேரத்தில் நெளியும். உங்கள் கை நிழல் விழுந்ததும் எல்லாம் அடியில் போய் ஒளியும். கையை எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தால் ஒவ்வொன்றாக மேலே வந்து, வாலை நீர்மட்டத்தில் வைத்து, தலை கீழாகச் சரிந்து தொங்கி மூச்சுவிடும். இவைதான் நுளம்பின் குடம்பிகள். நிலம் தண்ணீரைத் தேக்காத ஊரில் குரும்பையும் சிரட்டையும் யோகட் கோப்பையும் பழைய டயரும் அதைத் தேக்கி வைத்திருக்கின்றன. இந்தக் கரையில் டெங்கு பற்றிப் பேசத் தொடங்கவேண்டிய இடம் இதுதான்.

வீட்டைச் சுற்றித் தேங்கும் நீரில் நுளம்பு பெருகுவதைத் தடுப்பது புதிய விடயம் அல்ல. சட்டம் இருக்கிறது, உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், புகை இயந்திரம் இருக்கிறது, சிரமதானம் நடக்கிறது. ஆனாலும் வாடைக்காற்றோடு காய்ச்சலும் ஆண்டுதோறும் வருகிறது. ஏன் வருகிறது, இதுவரை செய்தவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதைத் தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய காய்ச்சலும் புதிய காய்ச்சலும்

நம் தாத்தா காலத்தில் நுளம்புக் காய்ச்சல் என்றால் அது மலேரியா. 1934-35இல் இலங்கையைத் தாக்கிய மலேரியாவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர். அது மழையால் வந்தது அல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். மழை பொய்த்து ஆறுகள் வற்றியபோது ஆற்றுப்படுகைகளில் குட்டை குட்டையாகத் தண்ணீர் தங்கியது. ஓடும் நீரில் பெருக முடியாத அனோபிலிஸ் நுளம்புக்கு அந்தக் குட்டைகள் தொட்டிலாயின. வறட்சியிலும் தேங்கும் நீர் உண்டு என்பது அன்று கற்ற பாடம்.

1946 முதல் வீட்டுச் சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கப்பட்டது. கல்லோயாத் திட்டம் போன்ற குடியேற்றங்கள் வறண்ட வலயத்தில் நிலைபெற்றதற்கு அந்த மருந்தும் ஒரு காரணம். 1963இல் நாடு முழுவதிலும் 17 மலேரியா நோயாளிகள் மட்டுமே பதிவாயினர். வென்றுவிட்டோம் என்று கண்காணிப்பைத் தளர்த்தினர். 1969இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பிறகு பல பத்தாண்டுகள் விடாது உழைத்ததன் பலனாக 2012இல் கடைசி உள்ளூர் நோயாளி பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

டெங்கு எதிர்த் திசையில் நடந்தது. 1960களில் சிறிதாகத் தொடங்கி, 1989இல் குருதிப்பெருக்குக் காய்ச்சலாகப் பெருத்து, 1996இல் அறிவிக்கப்படவேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. 2009இல் 35,008 பேர் பாதிக்கப்பட்டு 346 பேர் இறந்தனர். 2017இல் 186,101 பேர் பாதிக்கப்பட்டு 440 பேர் இறந்தனர். இந்த இரண்டு ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். 2009இல் நூறு நோயாளிக்கு ஒருவர் இறந்தார். 2017இல் நானூறு நோயாளிக்கு ஒருவர். மருத்துவமனையில் வைத்தியர்களும் தாதியரும் தங்கள் பங்கைச் செய்திருக்கிறார்கள். நோயாளிகளின் தொகையோ ஐந்து மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. அந்தத் தொகை தீர்மானிக்கப்படுவது மருத்துவமனையில் அல்ல, நம் வளவுகளில்.

கிழக்குக் கரை இதில் ஒதுங்கி நிற்கவில்லை. 2017 தொடக்கத்தில் திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்க முடியாது. வைத்தியசாலை நிரம்பி வழிந்தது, உயிர்கள் போயின. மேற்கில் ஆனி, ஆடி மாதங்களில் டெங்கு உச்சம் பெறும். இங்கே வடகீழ்ப் பருவமழையை ஒட்டி மார்கழி தொடங்கி மாசி வரை. சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் வெளியிடும் அட்டவணையில் அம்பாறைக்கு ஒரு வரி, கல்முனைக்குத் தனியாக ஒரு வரி. கல்முனைப் பிராந்தியம் என்ற அந்த வரிக்குள்தான் திருக்கோவிலும் அக்கரைப்பற்றும் நிந்தவூரும் பொத்துவிலும் அடங்கும். நோய் ஊர் பார்த்து, சமயம் பார்த்து வருவதில்லை. நம் கணக்கும் ஒரே வரியில்தான் எழுதப்படுகிறது.

எல்லாத் தண்ணீரும் ஒன்றல்ல

“கானில் தண்ணீர் தேங்கி நாறுகிறது, அதனால்தான் டெங்கு” என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. கானைத் துப்புரவாக்கவேண்டியது அவசியம்தான். ஆனால் இந்தப் பேச்சு கண்ணைத் தவறான திசையில் திருப்பிவிடுகிறது. நுளம்புகள் தண்ணீரைத் தரம் பிரித்துத் தெரிவு செய்கின்றன.

கானிலும் மலசலகூடக் குழியிலும் அழுக்கு நீரில் பெருகுவது பெரும்பாலும் கியூலெக்ஸ். இரவில் காதருகே ரீங்காரமிட்டு நித்திரையைக் கெடுப்பது இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பியதும் இந்த இனமே. ஆகாயத்தாமரை போன்ற நீர்ச்செடிகள் மண்டிய குளங்களில் மன்சோனியா வளரும். அதன் குடம்பி செடியின் வேரில் குத்திக்கொண்டு அங்கிருந்தே மூச்செடுக்கும். ஆற்றுக் குட்டையும் வாய்க்காலோரத் தெளிந்த நீரும் அனோபிலிசுக்கு. டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் எஜிப்தியோ வீட்டு நீருக்கே வரும். குளிக்க நிரப்பிய சீமெந்துத் தொட்டி, மூடாத பரல், பூச்சாடித் தட்டு, குளிர்சாதனப் பெட்டியின் பின்புறத் தட்டு, கூரைப் பீலி, யாரும் பாவிக்காத மலசலகூடத்தின் நீர்த்தாங்கி ஆகியவை அதன் இடங்கள். அதன் உறவான ஈடிஸ் அல்போபிக்டஸ் வளவின் மர நிழலை விரும்பும். குரும்பையும் சிரட்டையும் மரப்பொந்தும் அதற்குப் போதும். இரண்டும் பகலில் கடிப்பவை. காலையிலும் பொழுதுபடுவதற்கு முன்னும் கடி கூடும். இரவில் வலை கட்டிப் படுப்பவர் டெங்குவிலிருந்து தப்பிவிட்டதாக எண்ணக்கூடாது.

நம் சுற்றாடலில் களப்பும் உண்டு, குளமும் உண்டு, வயலும் உண்டு. டெங்குவுக்குப் பயந்து அவற்றில் மண் போட்டு மூடவேண்டியதில்லை. மீனும் தவளையும் தும்பியும் வாழும் நீரில் குடம்பிக்கு ஆயுள் குறைவு. எதிரிகளே இல்லாத சிறு நீர்தான் அதற்குப் பாதுகாப்பான இடம். அப்படிப்பட்ட நீரைப் படைப்பவர் மனிதர்.

உப்பும் காப்பதில்லை

கடற்கரை ஊருக்கு இன்னொரு நம்பிக்கையும் இருந்தது: உவர் நீரில் டெங்கு நுளம்பு பெருகாது என்பது. பாடநூல்களும் அப்படித்தான் சொல்லின. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சின்னத்தம்பி சுரேந்திரன் முதலிய ஆய்வாளர்கள் மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கரையோரத்தைத் தேடிப் பார்த்தனர். 2011இல் வெளியான அவர்களின் ஆய்வு அந்த நம்பிக்கையை உடைத்தது. பாவனையற்ற கிணறுகளிலும், கைவிடப்பட்ட படகுகளிலும், கரையில் எறிந்த பிளாஸ்டிக், கண்ணாடிப் பாத்திரங்களிலும் தேங்கிய உவர் நீரில் ஈடிஸ் குடம்பிகள் இருந்தன. லீற்றருக்கு 15 கிராம் வரை உப்பிருந்த நீரிலும் அவை கண்டெடுக்கப்பட்டன. கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. அதன் பாதிக்குச் சற்றுக் குறைந்த உவர்ப்பை அந்த நுளம்பு தாங்கியிருக்கிறது.

இது நமக்கு வெறும் ஆய்வுச் செய்தி அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறைக் கரை. வீடு போன இடங்களில் உவராகிப்போன கிணறுகள் மிஞ்சின. அதன்பின் அஞ்சியபடி மலேரியா வெடிக்கவில்லை என்பது ஆறுதல். ஆனால் பாவிக்காத கிணறும், மாரியில் கடல் கொந்தளிக்கும்போது கரையேற்றி வைக்கும் படகும் டெங்குக் கணக்கில் சேர்க்கப்படவேண்டியவை. படகைக் கரையேற்றும்போது அடித்துளையின் மூடியைக் கழற்றிவிட்டால் மழைநீர் தானாக வடிந்துவிடும். சில விநாடி வேலை. ஒரு மாரி முழுவதற்கும் காவல்.

வாரம் என்ற கணக்கு

இந்தப் பிரச்சினையின் மையம் முட்டையில் இருக்கிறது. ஈடிஸ் பெண் நுளம்பு ஒரு தடவையில் நூறளவு முட்டை இடும். அதை ஒரே பாத்திரத்தில் இடாமல் பல பாத்திரங்களில் பிரித்து இடும். தண்ணீரில் இடாமல் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான உட்சுவரில் ஒட்டிவைக்கும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டை சாகாது. மாதக்கணக்கில் உலர்ந்து கிடக்கும். அடுத்த மழையில் நீர்மட்டம் ஏறி முட்டையைத் தொட்டதும் பொரிக்கும். கோடையில் காய்ந்து கிடந்த டயரிலிருந்து ஐப்பசி மழைக்குப் பிறகு நுளம்பு கிளம்புவது இதனால்தான்.

பொரித்த குடம்பி நான்கு முறை தோலுரித்து, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க நம் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள் ஆகும். பறந்த நுளம்பு பெரும்பாலும் சில நூறு மீற்றருக்குள்ளேயே வாழ்ந்து முடியும். இதிலிருந்து மூன்று முடிவுகள் வருகின்றன.

முதலாவது, உங்கள் வீட்டில் கடிக்கும் டெங்கு நுளம்பு பெரும்பாலும் உங்கள் வளவில் அல்லது அயல் வளவுகளில் பிறந்தது. தொலைவில் இருந்து வந்தது அல்ல. இரண்டாவது, வாரத்துக்கு ஒருதரம் தண்ணீரை மாற்றினால் ஒரு குடம்பியும் நுளம்பாக முடியாது. பத்து நாளைக்கு ஒருதரம் மாற்றினால் சில தப்பிவிடும். மூன்றாவது, தண்ணீரைக் கவிழ்ப்பதால் குடம்பி சாகும், முட்டை சாகாது. வாளியைக் கவிழ்த்து அதே வாளியை மீண்டும் நிரப்புபவர் அடுத்த வாரத்து நுளம்புக்குத் தாமே தண்ணீர் வார்க்கிறார். தொட்டியின் உட்சுவரைத் தும்பாலோ பொச்சாலோ அழுத்தித் தேய்த்துக் கழுவவேண்டும். நம் பிரசாரங்கள் கவிழ்க்கச் சொல்லும் அளவுக்குத் தேய்க்கச் சொல்வதில்லை.

கையாண்ட வழிகளும் கண்ட பலனும்

சட்டம்: 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டம் வீட்டுச் சொந்தக்காரரையும் குடியிருப்பவரையும் பொறுப்பாளியாக்குகிறது. தகரம், போத்தல், சிரட்டை, டயர் முதலியவற்றை அகற்றவேண்டும்; கிணற்றை நுளம்பு நுழையாதபடி பேணவேண்டும்; செயற்கைக் குட்டையை வாரத்துக்கு ஒருமுறையேனும் வெறுமையாக்கவேண்டும். சட்டத்தை எழுதியவர்களுக்கும் வாரக் கணக்கு தெரிந்திருக்கிறது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் குடம்பியைக் கண்டால் வழக்குப் போடலாம். ஆனால் ஒரு பரிசோதகர் ஒரு வளவுக்கு ஆண்டில் எத்தனை முறை வர முடியும்? நுளம்போ ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வாரமும் வேலை செய்கிறது. அவர் வரும் நாளில் மட்டும் துப்புரவாகும் வளவு சட்டத்திலிருந்து தப்பலாம்; காய்ச்சலிலிருந்து தப்பாது.

சிங்கப்பூர் இதில் வெகுதூரம் போன நாடு. 1968இலேயே கடுமையான சட்டம் கொண்டுவந்து, வீடுவீடாகச் சோதித்து, குடம்பி உள்ள வீடுகளின் வீதத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கியது. பல ஆண்டு டெங்குவும் அடங்கியது. பிறகு மீண்டும் தலைதூக்கியது. வீட்டுக்கு வெளியே, பள்ளிகளிலும் வேலைத்தலங்களிலும் தொற்றுவதும், நோய் குறைந்ததால் மக்களின் எதிர்ப்புச் சக்தி குறைந்ததும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. சட்டம் வேண்டும், சட்டம் மட்டும் போதாது.

புகை: ஊரில் டெங்கு வந்ததும் மக்கள் முதலில் கேட்பது புகையடிக்கும் இயந்திரத்தை. சத்தமும் வெண்புகையும் ஏதோ நடக்கிறது என்ற ஆறுதலைத் தரும். அந்த நேரத்தில் பறக்கும் நுளம்பைத்தான் அது கொல்லும். அலமாரிக்குப் பின்னும் கட்டிலுக்குக் கீழும் ஒதுங்கியிருக்கும் ஈடிஸ் பெரும்பாலும் தப்பிவிடும். முட்டைக்கும் குடம்பிக்கும் புகையால் எந்தப் பாதிப்பும் இல்லை. சில நாளில் புதிய கூட்டம் கிளம்பிவிடும். நோயாளி கண்டெடுக்கப்பட்ட வீட்டைச் சுற்றி உடனடியாக அடிப்பதற்குப் புகை உதவும். வாராந்தத் துப்புரவுக்கு அது மாற்று அல்ல.

மருந்தும் மீனும்: வெறுமையாக்க முடியாத பெரிய தொட்டிக்கும் கிணற்றுக்கும் குடம்பி கொல்லி மருந்து இடலாம், ஆனால் அளவறிந்து, சுகாதாரப் பணிமனையின் ஆலோசனையோடு. கப்பி போன்ற சிறு மீன்கள் குடம்பியை விரும்பி உண்ணும். தொழுகைக்கு முன் வுழூச் செய்யும் ஹவுள் தொட்டியில் மீன் விடும் பள்ளிவாசல் இந்த முறையைக் கையாள்கிறது என்றே சொல்லவேண்டும். ஆனால் வெளிநாட்டு மீனைக் குளத்திலும் களப்பிலும் விடக்கூடாது. அங்குள்ள நம் மீன்களுக்கு அது கேடு. வியட்நாமில் மீசோசைக்ளொப்ஸ் என்ற கண்ணுக்கு அரிதாகத் தெரியும் நீருயிரைக் கிராமத்துத் தண்ணீர்த் தொட்டிகளில் விட்டுப் பெரும்பாலான இடங்களில் ஈடிஸ் எஜிப்தியை ஒழித்தார்கள். அதைக் கொண்டுபோய் விட்டது அரசு மட்டும் அல்ல. ஊர்ப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் கைகொடுத்தார்கள்.

புதிய நுட்பம்: வொல்பாக்கியா என்ற பக்டீரியாவை நுளம்புக்குள் ஏற்றி வெளியே விட்டால் அதன் உடலில் டெங்கு வைரசு பெருகுவது தடைப்படும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் இம்முறையால் டெங்கு நோயாளிகள் 77 விழுக்காடு குறைந்ததாக 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. கொழும்பின் சில பகுதிகளிலும் நுகேகொடையிலும் இது முயன்று பார்க்கப்பட்டது. நம்பிக்கை தரும் வழிதான். ஆனால் அது திருக்கோவிலுக்கு வரும்வரை காத்திருக்க முடியாது.

மக்கள் கையில்: நிக்கராகுவாவிலும் மெக்சிக்கோவிலும் நடந்த பெரிய சோதனை ஒன்றின் முடிவு 2015இல் வெளிவந்தது. மருந்தே சேர்க்காமல், ஊரவர் தாங்களே கூடித் தங்கள் வீட்டுக் குடம்பிகளை எண்ணி, தங்களுக்கு ஏற்ற வழியைத் தாங்களே தெரிவு செய்த இடங்களில் பிள்ளைகளிடம் டெங்குத் தொற்று ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. முப்பது விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். செலவோ நச்சோ அதிகம் இல்லாமல் கிடைத்த பலன் அது.

வேலிக்கு அப்பால்

வீட்டுக்காரரை மட்டும் குற்றஞ்சாட்டுவதும் நியாயமல்ல. மத்திய கிழக்குக்கோ ஐரோப்பாவுக்கோ போனவரின் பூட்டிய வீடு, சொந்தக்காரர் யார் என்றே தெரியாத வெறும் வளவு, பாதியில் நிற்கும் கட்டடம் ஆகியவற்றை வாரத்துக்கு ஒருதரம் யார் பார்ப்பது? மார்கழி விடுமுறையில் பாடசாலை பூட்டியிருக்கும். அதே மாதத்தில்தான் மழையும். கூரைப் பீலியில் சருகு அடைத்து நிற்கும் நீரும், மலசலகூடத் தாங்கியும், தை மாதம் பிள்ளைகள் திரும்பும்போது நுளம்போடு வரவேற்கும். பிள்ளைகள் வகுப்பறையில் இருப்பது ஈடிஸ் கடிக்கும் பகல் நேரத்தில். குப்பை வண்டி ஒழுங்காக வராத தெருவில் மக்கள் பிளாஸ்டிக்கை எங்கே போடுவார்கள்? பிரதேச சபை செய்யவேண்டியதைச் சபையிடம் கேட்டுப் பெறுவதும் நுளம்பு ஒழிப்பின் ஒரு பகுதியே.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2016 இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்ற நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் இனம் இது; கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் பெருகும். வெளிநாட்டிலிருந்து மலேரியாவோடு ஒருவர் வந்திறங்கினால் போதும், பழைய கதை திரும்பலாம். டெங்குவுக்காக மூடும் தொட்டி மலேரியாவுக்கும் மூடிய கதவு.

வெள்ளிக்கிழமை என்ற ஒழுங்கு

தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. நாம் தோற்றது அறிவில் அல்ல, ஒழுங்கில். டெங்கு ஒழிப்பு வாரம் என்று ஆண்டில் சில வாரம் கொண்டாடுகிறோம். நுளம்புக்கு எல்லா வாரமும் அதே வாரம். சிரமதானம் நல்லது. ஆனால் ஏழு நாள் கழித்துத் திரும்பிப் பார்க்காவிட்டால் அதன் பயன் புகையைப் போலவே கரைந்துவிடும்.

வாரத்துக்கு ஒருநாள் என்ற பழக்கத்தை இந்தக் கரைக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டியதில்லை. திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் வெள்ளிக்கிழமை வீடு கழுவி விளக்கேற்றும் வழக்கம் உண்டு. அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் அதே வெள்ளி ஜும்ஆத் தொழுகைக்காகக் குளித்துத் துப்புரவாகும் நாள். இரு சமூகத்துக்கும் பொதுவான இந்த நாளில், வீட்டுக்குள் நின்றுவிடும் துப்புரவை வளவின் வேலிவரை நீட்டினால் போதும். கோவில் ஒலிபெருக்கியும் குத்பாப் பிரசங்கமும் ஒரே வாரத்தில் ஒரே சொல்லைச் சொல்லலாம். பெண்கள் வளவு கூட்டுவது எப்போதும் நடப்பது. கூரைப் பீலியில் ஏறிச் சருகு எடுப்பதும், தொட்டியைத் தேய்ப்பதும், படகின் மூடியைக் கழற்றுவதும் ஆண்களின் வேலையாகட்டும். பூட்டிய பக்கத்து வளவின் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டறிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை காலை அரை மணித்தியாலம் எடுத்து உங்கள் வளவை ஒருமுறை சுற்றி வாருங்கள். குரும்பையைப் பொறுக்கிப் புதையுங்கள். சிரட்டையைக் கவிழ்த்து அடுக்குங்கள். தொட்டியைப் பொச்சால் தேய்த்து மூடி போடுங்கள். அதற்கடுத்த வெள்ளியும் அதையே செய்யுங்கள்.